ஹெட் கேஸ்கட் போன கார்: டீலரிடம் வாங்கிய பிறகு நடந்தது

தனி ஆளிடம் வாங்குவதைவிட டீலரிடம் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது கூடுதலாகத்தான் கொடுக்கிறோம். நாளைக்கு ஒரு கோளாறு என்றால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும் என்ற நம்பிக்கைக்காகத்தான் அந்தக் கூடுதல். அதனால் இந்தக் கடையின் ஏசி ஷோரூமையும் கனிவான பேச்சையும் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சாவியைக் கையில் கொடுத்த பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்பதுதான் என் விமர்சனம். அந்தக் கணக்கில் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். அந்த இரண்டும் அவர்களுடைய ஒர்க்‌ஷாப் ஆட்களுக்குச் சேர வேண்டியது.

கார், பெட்ரோல் ஹேட்ச்பேக். பாடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டயர் புதிது என்றார்கள், அது உண்மை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 1424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். நான்கு டயரிலும் பார்த்தேன், சொன்னபடியே இருந்தது. பேப்பர் வேலையும் சுத்தமாக முடித்துக் கொடுத்தார்கள்.

கோளாறு காலை நேரத்தில் மட்டும் தலைகாட்டியது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் முதல் சில நொடிகள் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்கும், வண்டியே உதறும். அப்புறம் சரியாகி, நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடும். சைலன்சரில் வெள்ளைப் புகை, அதில் லேசான தித்திப்பு வாடை. இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட், அதன் டப்பாவில் அளவு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது, ஆனால் தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. பிறகு டேஷ்போர்டில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது.

விற்பனையாளருக்கு போன் செய்தேன். "பழைய வண்டின்னா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் மேடம், ஓட ஓட சரியாகிடும்" என்றார். இப்படி ஒரு பதிலை எந்தக் கடையும் தரக்கூடாது. எரிபொருள் எரியாமல் போகும் இன்ஜினை ஓட்ட ஓட்ட, எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். கூலன்ட் குறைந்து சூடு ஏறினால் சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும், விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்டி நிறுத்திவிட வேண்டும். இதை ஒரு வாடிக்கையாளர் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

டீலரிடம் கொண்டுபோகும் முன்பு, எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும், அதில் செருக வேண்டியதுதான். பி 0301 என்று கோளாறுக் குறியீடு வந்தது. முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை என்பது அதன் பொருள். அதோடு அவர் இன்னொரு திரையையும் திறந்து காட்டினார்: 'குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம்' 511 கிலோமீட்டர். நான் கணக்கு வேலை பார்ப்பவள், எண்ணைப் பார்த்ததும் இன்வாய்ஸை எடுத்தேன். வண்டியைக் கையில் வாங்கியபோது மீட்டர் 58,214. இப்போது 58,706. நான் ஓட்டியது 492 கிலோமீட்டர். அப்படியென்றால் எனக்குத் தருவதற்கு வெறும் 19 கிலோமீட்டர் முன்பு யாரோ குறியீட்டை அழித்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டபோது, பேட்டரி மாற்றியதால் அழிந்திருக்கும் என்றார்கள். பேட்டரியைக் கழற்றினால் சில வண்டிகளில் அப்படி நடக்கும், அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் பேட்டரி பில்லைக் காட்டுங்கள் என்றேன். இன்றுவரை காட்டவில்லை.

அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் முதல் தடவை ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் மாற்றி, விளக்கை அணைத்துக் கொடுத்தார்கள். குறியீட்டை அழித்தால் விளக்கு அணையத்தான் செய்யும். காலை உதறல் மட்டும் அப்படியே இருந்தது, விளக்கும் திரும்ப வந்தது.

மறுபடி என் மெக்கானிக்கிடம் போனேன். இந்த முறை அவர் செய்த இரண்டு சோதனைகளை விவரமாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதலில், ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கொஞ்சம் கூலன்ட்டை வெளியே எடுத்துவிட்டு, அந்த வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். (சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது, கொதிநீர் முகத்தில் பீறிடும்.) குழாயில் நீலத் திரவம். இன்ஜினை ஓடவிட்டு, கூலன்ட்டுக்கு மேலே நிற்கும் காற்றை ஒரு ரப்பர் பந்தால் இழுத்தார். நீலம் பச்சையாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிவிட்டது. எரிந்த புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால்தான் அது நிறம் மாறும். சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய புகை கூலன்ட்டுக்குள் வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அடுத்து பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியே ஒரு சின்னக் கேமராவை இறக்கினார். இரண்டு, மூன்று, நான்கு சிலிண்டர்களில் பிஸ்டன் தலை கரி படிந்து கறுப்பாக இருந்தது. ஒன்றாவதில் மட்டும் விளக்கிவைத்த பாத்திரம்போலப் பளபளப்பு. கூலன்ட் கசிந்து, ஆவியாகி, கரியைக் கழுவிவிட்டிருக்கிறது. ஹெட் கேஸ்கட்தான், அதாவது ஹெட்டுக்கும் அதன் கீழே உள்ள இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் போயிருக்கிறது என்றார். ராத்திரியில் கசிந்து தேங்கியது காலையில் அந்த ஒரு சிலிண்டரை எரியவிடாமல் செய்கிறது, சூடானதும் தெரியாமல் போகிறது. வண்டியைப் பார்க்கப் போன அன்று இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததும், "இப்பத்தான் வாஷிங் முடிச்சு வந்துச்சு" என்று சொன்னதும் அப்போது எனக்கு விளங்கியது.

மெக்கானிக் அதற்கு மேல் தொடவில்லை. "நான் ஹெட்டை இறக்கினா, நான்தான் கெடுத்தேன்னு சொல்லிடுவாங்கம்மா. ரிப்போர்ட் எழுதித் தர்றேன், அவங்களையே பிரிக்கச் சொல்லுங்க" என்றார். எவ்வளவு சரியான யோசனை என்று பிறகு புரிந்தது. வெளியாள் கைவைத்திருக்கிறாரா என்பதுதான் டீலர் கேட்ட முதல் கேள்வியே.

அடுத்து வாரன்டி. டீலர் விற்ற வாரன்டி அவருடையது அல்ல, வேறொரு நிறுவனத்தினுடையது. டீலர் அங்கே கேளுங்கள் என்றார். அங்கே கேட்டால், விற்பனைக்கு முன்பே இருந்த குறைக்கு வாரன்டி கிடையாது என்று கையை விரித்தார்கள். போனில் சொன்னதை எழுத்தில் தரச் சொன்னேன். அந்த மறுப்புக் கடிதம்தான் கடைசியில் எனக்குக் கை கொடுத்தது. குறை விற்பனைக்கு முன்பே இருந்தது என்று டீலர் தேர்ந்தெடுத்த வாரன்டி நிறுவனமே எழுதிக் கொடுத்துவிட்டது. அப்புறம் டீலர் எப்படி "நீங்க வாங்கினப்புறம் வந்த கோளாறு" என்று சொல்ல முடியும்? இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் தப்பிக்க முடியாது.

அதுவரை நடந்தது எல்லாம் போன் பேச்சு. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் எடுப்பார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இந்த முறை மின்னஞ்சல் அனுப்பினேன். இன்வாய்ஸ், ஸ்கேனர் திரையின் படம், கிலோமீட்டர் கணக்கு, மெக்கானிக் ரிப்போர்ட், வாரன்டி மறுப்பு எல்லாவற்றையும் இணைத்தேன். கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை. செலவில்லாமல் முழுமையாகப் பழுது பாருங்கள், இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் தாருங்கள், இந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும், வராவிட்டால் நுகர்வோர் புகாருக்குப் போவேன் என்று முடித்தேன். அடுத்த நாளே மேலாளர் கூப்பிட்டார். போனில் கெஞ்சிய வாரங்களில் வராத மரியாதை அந்த ஒரு மின்னஞ்சலுக்கு வந்தது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏனென்றால் குறை அன்றும் அதே குறைதான்.

மேலாளர் முதலில் சொன்னது, கூலன்ட்டில் ஊற்றிக் கசிவை அடைக்கும் மருந்து. மறுத்துவிட்டேன். அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்து அடைக்கும், கேஸ்கட் கொஞ்ச நாளில் திரும்பப் போகும். ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனும் என் பக்கம் பேசினார்.

அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். ஹெட்டை இறக்கியதும் என்னைக் கூப்பிட்டுப் பழைய கேஸ்கட்டைக் காட்டினார். ஒன்றாம் சிலிண்டர் வளையத்துக்கும் பக்கத்துத் தண்ணீர் ஓட்டைக்கும் நடுவே விரல் நக அகலத்துக்கு அரித்துப் போயிருந்தது, அந்த இடத்தில் மட்டும் துரு நிறத்தில் ஒரு தடம். ஒரு நாளில் வந்த அரிப்பு அல்ல என்பதை அவரே சொன்னார். ஹெட் மேல் நேர்ப்பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் விட்டு அளந்தார். பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவுக்கு மேல் போனாலே ஃபேசிங் செய்ய வேண்டும், அதாவது பரப்பைச் சீவிச் சமப்படுத்த வேண்டும். இதில் தேவைப்பட்டது, செய்தார்கள். ஹெட் போல்ட்டுகளும் புதிது போட்டார். இந்த இன்ஜினில் அவை இறுக்கும்போதே இழுபட்டு நீளும் வகை, ஒரு முறைக்குத்தான். ஆயில், ஃபில்டர், கூலன்ட் எல்லாம் மாற்றி, என்ன செய்தோம் என்று பார்ட் எண்களோடு எழுதிக் கொடுத்தார்.

இப்போது வண்டி நன்றாக ஓடுகிறது. காலையில் உதறல் இல்லை, கூலன்ட் போட்ட கோட்டிலேயே நிற்கிறது. வெளி மெக்கானிக்கின் சோதனைச் செலவைத் தருவதாக மேலாளர் ஒப்புக்கொண்டார், மின்னஞ்சலிலேயே இருக்கிறது, இன்னும் தரவில்லை. தந்துவிட்டால் மூன்று மதிப்பெண்ணாக மாற்றுவேன். நான்கு வேண்டுமென்றால் வாங்க வருபவருக்கு வண்டியை ஆறிய இன்ஜினோடு காட்டட்டும், குறியீடு எப்போது அழிக்கப்பட்டது என்ற திரையைக் கேட்காமலே திறந்து காட்டட்டும். இந்தக் கடைக்குப் போக நினைப்பவர்கள், முந்தைய நாளே போன் செய்து வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லிவிட்டு, காலையில் முதல் ஆளாகப் போய் பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சாவியைக் கேளுங்கள்.