எட்டு வார வகுப்பும் அத்தையின் தொட்டிலும்

மகனுக்கு மூன்று மாதம் ஆகும்போது பெற்றோருக்கான குழந்தை வளர்ப்பு வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். எட்டு சனிக்கிழமை, பாதி நேரில், பாதி ஸூமில், 120 வெள்ளி (ரிங்கிட்). குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். இப்போது அவனுக்கு ஒன்றரை வயது.

நான் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஃபேக்டரி வேலைக்குப் போகிறவள். இங்கே மலேசியாவில் 2023-லிருந்து பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது, அப்பாவுக்கும் 7 நாள் உண்டு, சரி. ஆனால் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்வது ஆறு மாதம், விடுப்போ மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேலே. நடுவில் விழுகிற அந்த ஓட்டையை அடைத்தது இந்த வகுப்புதான். எடுத்த பால் வெளியே 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் தாங்கும், பையில் தேதி எழுது, பழையதை முதலில் எடு, மைக்ரோவேவில் வைக்காமல் வெந்நீரில் சூடாக்கு என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார்கள். ஒரே ஒரு வகுப்புக்கு வந்த என் வீட்டுக்காரர் கூட இதைச் சரியாகச் செய்கிறார், அதற்கே 120 வெள்ளி தகும்.

குறை என்னவென்றால், பாடம் முழுக்க எனக்கு, பகல் முழுக்க பிள்ளை அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் விடியற்காலை பிள்ளையை ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) விட்டுவிட்டுப் போனவர். நாலாம் மாதமே தண்ணீர் கொடுப்பது, நாக்கில் தேன் தடவுவது, ஸ்பிரிங் தொட்டில், எல்லாம் அவருக்குச் சாதாரணம். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது, அதில் இருக்கும் கிருமி சின்னக் குடலில் விஷமாகும் என்று நான் சொன்னால், "ஒம் புருசன் தேன் நக்கித்தான் வளர்ந்தான்" என்பார். ஸூம் முன்னால் உட்கார வைத்தும் பார்த்தேன். மலாயும் ஆங்கிலமும் கலந்து ஓடியது, பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டார்.

கடைசியில் ஐந்தாம் மாத ஊசிக்கு அவரையும் கிளினிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்), "பாட்டி, தேனும் வேணாம், தண்ணியும் வேணாம், ஆறு மாசம் போகட்டும்" என்று இரண்டே வரியில் சொன்னார். அதோடு இரண்டும் நின்றது. நான் மூன்று வாரம் மல்லுக்கட்டியது எதற்கு என்றே தெரியவில்லை!

ஆகவே சேர நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் தமிழில் நடத்துவார்களா, பாட்டியும் உட்காரலாமா என்று கேட்டுவிடுங்கள்.

தொட்டில் விஷயத்தில் மட்டும் பாதிதான் ஜெயித்தேன். அத்தை அதில் ஆட்டித் தூங்க வைப்பார், தூங்கியதும் தலையணை இல்லாத மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைப்பார். தொட்டில் இன்னும் ஹாலில் தொங்குகிறது, இப்போது அதில் காய்ந்த துணிகள்தான் கிடக்கின்றன.