பல வருஷம் பல்லில்லாத வாய்க்கு அக்ரிலிக் (பிளாஸ்டிக்) முழு பல் செட்: தேறுமா?

மேல் செட்டுக்குத் தாராளமாக மதிப்பெண் போடலாம். கீழ் செட் தேறுவதும் தோற்பதும் அளவெடுப்பவர் கையில். பல் எடுத்துப் பல வருஷம் செட் போடாமலே இருந்தவர்களுக்கான மதிப்பீடு இது. போன மாதம் பல் எடுத்தவருக்குக் கணக்கு வேறு.

எல்லாம் எலும்பால் வரும் வினை. பல் போனதும் தாடை மேடு, அதாவது பல் இருந்த இடத்து எலும்பு, கரையத் தொடங்கும். முதல் வருஷம் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். கீழ்த்தாடை மேல்தாடையைவிடச் சுமார் நான்கு மடங்கு கரைகிறது. மேலே அண்ணம் முழுக்கப் பரவி, எச்சில் படலத்தில் செட் ஒட்டிக்கொள்ளும். கீழே ஒடுங்கிய லாட வடிவப் பட்டைதான். நடுவே நாக்கு, அதுவும் இத்தனை வருஷத்தில் பரந்து பல் இருந்த இடத்தையும் பிடித்திருக்கும்.

அதனால் கிளினிக்கில் பல்லின் பிராண்டை விசாரிப்பதற்கு முன், அளவு எத்தனை தடவை எடுப்பார்கள் என்று கேளுங்கள். ஆல்ஜினேட்டில் (தண்ணீரில் குழைத்து அளவெடுக்கும் பொடி) ஒரே தடவை எடுத்து லேபுக்கு அனுப்பினால், விளிம்பு நீண்டுபோய் நாக்கு அசையும்போதெல்லாம் கீழ் செட் எழும்பும். முறைப்படி, முதல் அளவில் மாதிரி வார்த்து அந்த வாய்க்கென்றே தனி ட்ரே (அளவெடுக்கும் பொருளை வாயில் தாங்கும் தட்டு) செய்ய வேண்டும். கன்னமும் ஈறும் சேரும் மடிப்புக்கு 2 மி.மீ. முன்பே ட்ரேயின் ஓரம் நிற்க வேண்டும். அந்த ஓரத்தில் கிரீன் ஸ்டிக்கை (சூட்டில் இளகும் பச்சைக் குச்சி) உருக்கி ஒட்டி, வாய் சுடாதபடி வெந்நீரில் முக்கி எடுத்து, கன்னத்தை இழுத்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பகுதி பகுதியாக ஓரம் பிடிப்பார்கள். கடைசியில் ஜிங்க் ஆக்சைடு பேஸ்ட், மெல்லிசாக. முன்பக்க ஈறு தளதளவென்று ஆடினால் அந்த இடத்தில் ட்ரேயில் ஜன்னல் வெட்டி அழுத்தாமல் அளவெடுக்க வேண்டும். அழுத்தி எடுத்தால் சதை பழைய நிலைக்குத் திரும்பும்போது செட்டைத் தள்ளிவிடும்.

அடுத்தது கடி. ஈறாலேயே மென்று பழகியவர் “கடிங்க” என்றதும் தாடையை முன்னே தள்ளித்தான் கடிப்பார். “நாக்கு நுனியை அண்ணத்துல பின்னாடி மடக்கிக்கிட்டே கடிங்கம்மா” என்றால் தாடை தன் இடத்துக்கு வரும். இரண்டு மூன்று தடவையும் அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்க்காமல் பதியக் கூடாது. வாய் ஓய்வாக இருக்கும்போது மேல் கீழ் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி வேண்டும். அது குறைந்தால் பேசும்போது பல் டக் டக்கென்று முட்டும், மேடு முழுக்க வலிக்கும். ரொம்பக் கூடினால் முகம் சுருங்கி வாயோரம் புண்ணாகும். மெழுகு ட்ரையலிலேயே (மெழுகில் பல் பதித்துப் போட்டுப் பார்க்கும்போதே) “சாமி”, “சனி” என்று சொல்லிப் பார்த்துவிடுங்கள். மெழுகில் மாற்றுவது சுலபம். அக்ரிலிக் ஆனபின் பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

லேபில் அவசரமாகக் கொதிக்க வைத்த அக்ரிலிக்கில், தடித்த இடங்களில் நுண்துளை விழும். 74 டிகிரியில் 8 மணி நேரம் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

செட் கொடுத்த மறுநாளே திரும்பக் கூப்பிடும் கிளினிக்கை நம்பலாம். போகும் முன் சில மணி நேரமாவது செட்டைப் போட்டிருங்கள். இல்லாவிட்டால் உறுத்தும் இடம் டாக்டருக்குத் தெரியாது. கடிக்கும்போது கீழ் உதட்டில் சுரீரென்றால், எலும்பு கரைந்து மேட்டுக்கு வந்துவிட்ட நரம்புத் துவாரத்தை செட் அழுத்துகிறது. உள்பக்கம் அந்த இடத்தை மட்டும் தேய்த்துக் கொடுப்பார்கள். வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வந்த செட்டுகளைச் சரிசெய்வது பெரும்பாடு.

முதல் வாரம் இட்லி, குழைந்த சோறு, இரண்டு பக்கமும் சேர்த்து மெல்லுங்கள். முன்பல்லால் கடித்து இழுத்தால் மேல் செட் பின்னால் இறங்கும். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள், கொதிநீரில் வளைந்துவிடும்.

செட்டை ஈறில் ஒட்டவைக்கும் பசை நல்ல செட்டுக்குத் துணை, பொருந்தாததைக் காப்பாற்றாது. மேடு அறவே தட்டையானவர்களுக்கு, வசதியும் உடல்நிலையும் இடம் கொடுத்தால், கீழே எலும்பில் இரண்டு இம்ப்ளான்ட் (உலோகத் திருகு) வைத்து அதன்மேல் மாட்டும் செட்டையே பரிந்துரைக்கிறோம். 2002-ல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்களும் பல்லில்லாத கீழ்த்தாடைக்கு அதையே முதல் தேர்வாகச் சொன்னார்கள். மேலே சாதா அக்ரிலிக் செட்டே போதும்.