வதந்தி நடந்த வழி: ஜார்ஜ் லெஃபெவ்ரின் ‘1789இன் பேரச்சம்’

பிரெஞ்சுப் புரட்சியைச் சொல்லும் நூல்கள் பல பாரிஸை விட்டு நகர்வதில்லை. 1932இல் வெளிவந்த, பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜார்ஜ் லெஃபெவ்ரின் இந்த நூல் நம்மை நேராகக் கிராமங்களுக்கு அழைத்துச் செல்கிறது. 1789 ஜூலையில் பாரிஸின் பாஸ்டில் கோட்டைச் சிறை வீழ்ந்த அடுத்த சில வாரங்களில், கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள், விளைந்து நிற்கும் பயிரை அழிக்கப் பிரபுக்களே அவர்களை ஏவிவிட்டிருக்கிறார்கள் என்ற வதந்தி நாட்டின் பெரும்பகுதியை நடுங்க வைத்தது. இந்த நடுக்கத்துக்குத்தான் ‘பேரச்சம்’ என்று பெயர். மக்கள் அஞ்சிய கொள்ளைப்படை வரவே இல்லை.

வராத படைக்கு அஞ்சியவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்காததுதான் லெஃபெவ்ரின் பெருமை. 1788இன் மோசமான விளைச்சல், 1789 ஜூலையில் உச்சத்தைத் தொட்ட ரொட்டி விலை, பிழைப்பின்றி ஊர் ஊராக அலைந்த ஏழைகள் என ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, அந்த அச்சத்துக்கு அடிப்படை இருந்தது என்று நிறுவிய பிறகே, வதந்தி எந்த ஊரில் கிளம்பி எந்தப் பாதையில், யார் வாய்வழியாகப் பரவியது என்று தொடர்ந்து போகிறார். பிரான்சின் ஷாம்பாஞ் பகுதியின் தெற்கே ஜூலை 24 அன்று மூவாயிரம் பேர் திரண்டு, கொள்ளைக்காரர்களைத் தேடிப் போகிறார்கள். அங்கே இருந்தது ஒரு மாட்டு மந்தை. எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை. அத்தனை பேர் ஒரே நாளில் ஒன்றுகூடியதுதான் என்னை உலுக்கியது.

விவசாயிகளின் கிளர்ச்சி வேறு, பேரச்சம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டும் பக்கங்கள் நூலின் உயிர். இருபது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே ஆவணக் காப்பகங்களில் உழைத்து, வடபிரான்சின் விவசாயிகள் பற்றிய ஆய்வேட்டை ஐம்பது வயதில், 1924இல் முடித்தவருக்கே இந்தப் பொறுமை வாய்க்கும். பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் புரட்சி வரலாற்றுக்கான பேராசிரியர் பதவி 1937இல்தான் வந்தது. 1939இல் அவர் எழுதிய இன்னொரு நூலின் பிரதிகளை இரண்டாம் உலகப்போரின்போது ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு எரிக்கச் செய்தது.

குறைகளும் உண்டு. மூன்றாம் பகுதியில் ஊர்ப்பெயர்கள் குவிந்துகொண்டே போவதால், வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைக்காமல் படிக்க முடியாது. பிரபுக்களின் சதி பற்றிய நம்பிக்கைக்கு அவர் கொடுத்த முக்கியத்துவத்தை திமோதி டாக்கெட் போன்ற பிற்கால ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்பில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது.

புதிதாகப் படிப்பவர்கள், பசியையும் வரிச்சுமையையும் விவரிக்கும் முதல் பகுதியைத் தாண்டிவிட்டு நேரே வதந்திக் கதைக்குப் போய்விட வேண்டாம். அதைப் படிக்காதவர்களுக்கு அந்த மாட்டு மந்தை வெறும் வேடிக்கையாகவே தெரியும்.