17 வயதுக் கல்லூரி மாணவிக்கு 1098 எவ்வளவு உதவும்?

கல்லூரியில் சேர்ந்துவிட்டாலே பெரியவர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். முதலாமாண்டில் நிறையப் பேருக்கு 17தான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அவர்கள் குழந்தைகள், பையன்களும்தான். ஆகவே குழந்தைகள் உதவி எண்ணான 1098 அவர்களுக்கும் உரியது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் இயங்கும். தோழியோ விடுதி வார்டனோ அழைத்தாலும் போதும்.

அழைத்ததும் பிறந்த தேதியைச் சொல்லிவிடுங்கள். "காலேஜ் ஸ்டூடன்ட்" என்று ஆரம்பித்தால் பெண்கள் உதவி எண்ணான 181ஐக் கைகாட்டிவிட வாய்ப்புண்டு. குற்றம் நடந்த அன்று என்ன வயது என்பதே கணக்கு. அதன்பின் 18 நிறைந்திருந்தாலும் போக்சோதான்.

பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்புகார்க் குழுவைவிட 1098 மேல். குழு விசாரிக்க 90 நாள் வரை ஆகலாம். எஃப்ஐஆர் போடும் அதிகாரமும் அதற்குக் கிடையாது. "முதலில் நாங்கள் விசாரிக்கிறோம், அப்புறம் போலீஸ்" என்பதில்தான் வழக்கு கெடுகிறது. ஒரே சம்பவத்தைப் பலமுறை சொல்லவைத்தால் வாக்குமூலங்களில் சின்னச் சின்ன வித்தியாசம் வரும்; எதிர்தரப்பு வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார். தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாவிட்டால் போக்சோவின் 21ஆம் பிரிவில் 18 வயது நிறைந்த யாருக்கும் 6 மாதம் வரை சிறை உண்டு. தனக்குக் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை.

குறை, அழைப்புக்குப் பிந்தைய வேலையில் வருகிறது. 1098 கதவைத் திறந்துவிடும், உள்ளே நடப்பதை நாம்தான் கவனிக்க வேண்டும். புகார் பதிவான எண்ணை எழுதிவையுங்கள். ஸ்டேஷனுக்கு வரச்சொன்னால் போக்சோவின் 24ஆம் பிரிவைச் சொல்லுங்கள்: பிள்ளை விரும்பும் இடத்தில், சீருடை இல்லாமல், இயன்றவரை எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும். எஃப்ஐஆர் இல்லை என்று மருத்துவமனை பரிசோதனையை மறுக்கக் கூடாது. உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் அழுகிவிடும். கருத்தடை மாத்திரை, எச்ஐவி தடுப்பு மருந்து இரண்டையும் 72 மணி நேரத்துக்குள் கேட்டு வாங்க வேண்டும். போலீஸ் 24 மணி நேரத்தில் குழந்தைகள் நலக்குழுவுக்குத் தகவல் தர வேண்டும். வழக்கு முடியும்வரை கூட நிற்க ஓர் ஆதரவு நபரை அங்கே கேளுங்கள்.

ஒன்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: குற்றம் பற்றிச் சொன்னால் 1098 அதை ரகசியமாக வைத்திருக்க முடியாது, காவல்துறைக்குப் போயே ஆக வேண்டும். 17 வயதுக் காதலில் இருவரும் விரும்பி நடந்த உடலுறவும் இதில் சிக்கும்.

ராகிங் புகார் எண்ணைப் பளிச்சென ஒட்டிவைக்கும் கல்லூரிகள், பக்கத்திலேயே இந்த நான்கு இலக்கத்தையும் ஒட்டுவதற்கு என்ன தயக்கமோ!