நனைந்த டயப்பரும் நிறைந்த மூத்திரப்பையும்: கிருஷ்ணகிரியில் நடக்க முடியாத நாயை விட்டுப் போன ஐந்து நாள்

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்வர ஐந்து நாள். அதற்காக மணியை ஓசூர் பக்கம் ஒரு நாய் விடுதியில் விட்டதையும், மூன்றாம் நாளே அங்கிருந்து தூக்கி வர வேண்டியிருந்ததையும் பற்றித்தான் எழுதுகிறேன். பயணத்தில் மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது.

மணி நாட்டு நாய், 16 கிலோ. காவேரிப்பட்டணம் பக்கம் நெடுஞ்சாலை 44-இல் வண்டி அடித்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடந்ததை எங்கள் வீட்டில் எடுத்து வந்து வளர்க்கிறார்கள். சாப்பாடு, தூக்கம் எல்லாம் நன்றாக இருக்கிறது, வாலாட்டல் மட்டும் இல்லை. வாலாட்டலுக்குப் பதில் காதை ஆட்டும். ஒரே சிக்கல், அதற்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது. மூத்திரப்பை நிரம்பிய செய்தி முதுகுத்தண்டைத் தாண்டி மூளைக்குப் போவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை நாம்தான் அடிவயிற்றை அமுக்கி வெளியேற்ற வேண்டும்.

இதை விடுதிக்காரர்களிடம் சொல்லி, காட்டி, எழுதியும் கொடுத்தாகிவிட்டது. நாளுக்கு 900 ரூபாய், டயப்பருக்குத் தனி. ஏசி அறை, கேமரா, தினம் காலையும் மாலையும் வாட்ஸ்அப்பில் வீடியோ. மூன்றாம் நாள் காலை வந்த வீடியோவில் மணி தலையைத் தூக்கவில்லை. வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. போன் செய்தால், “யூரின் தானாவே போயிட்டுத்தான் சார் இருக்கு, எப்பப் பார்த்தாலும் டயப்பர் ஈரமாத்தான் இருக்கு. அமுக்கினா வலிக்குமேன்னு விட்டுட்டோம்” என்றார் அங்கிருந்த பையன். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத பதில். நாயைக் கொல்லப் பார்த்ததும் அந்தப் பதில்தான்.

முதுகு அடிபட்ட நாய் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டயப்பர் எப்போதும் ஈரமாக இருந்தால் மூத்திரம் நன்றாகப் போகிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் நேர் எதிர். தொட்டி நிரம்பினால் மேலே வழிகிற மாதிரி, மூத்திரப்பை இதற்கு மேல் இடமில்லாமல் நிறைந்த பிறகு சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. உள்ளே இருப்பது அப்படியே தேங்கி நிற்கும். தேங்கினால் கிருமி பெருகும், அது சிறுநீரகம் வரை ஏறும். இன்னொரு கேடும் உண்டு. அளவுக்கு மீறி விரிந்த பையின் தசை, இழுத்து இழுத்துத் தளர்ந்த எலாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். பிறகு சரியாக அமுக்கினாலும் முழுதாக வெளியேறாது.

அண்ணன் மகன் வண்டி எடுத்துப் போய் மணியைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனான். குழாய் விட்டு எடுத்தது 700 மில்லி, சாயத் தண்ணீர் நிறத்தில், மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றத்தோடு. நாயின் உடம்பில் ஒரு மணி நேரத்தில், கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லி மூத்திரம் ஊறும். 16 கிலோ நாய்க்கு நாள் முழுவதற்கும் சேர்த்தே ஏறக்குறைய 400 முதல் 750 மில்லிதான். ஒரு நாள் கணக்கு மொத்தமும் ஒரே நேரத்தில் பைக்குள் நின்றிருக்கிறது. தொடை இடுக்கில் தோல் வெந்து சிவந்து, ஓரத்தில் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. நம் ஊர் ஈக்கு ஈரத் தோல் போதும், ஒரே நாளில் புழு வைத்துவிடும். இன்னும் ஒரு ராத்திரி விட்டிருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும்.

இங்கிலாந்தில் நாய் விடுதி நடத்த உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும். 2018-இல் வந்த விதிகளின்படி ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரமும் போடுகிறார்கள். அந்த ஐந்து நட்சத்திர இடங்களிலும் இப்படிப்பட்ட நாயைப் பல பேர் எடுப்பதில்லை. ஆனால் போனிலேயே “எங்களால் முடியாது, செவிலியர் இருக்கும் இடமாகப் பாருங்கள்” என்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் யாரும் முடியாது என்பதில்லை. “பாத்துக்கலாம் சார், விட்டுட்டுப் போங்க.” சின்ன வயதில் இந்த வார்த்தையை நம்பித்தான் வீட்டையே விட்டுப் போவோம். எதிர்வீட்டு அத்தையிடம் சாவியைக் கொடுத்து, நாய்க்கு ரெண்டு உருண்டை களி போடச் சொன்னால் போதும். அத்தை சொன்னால் செய்வார். இப்போது அத்தை இல்லை, அந்த வீட்டில் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கும் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். வார்த்தை மட்டும் மாறாமல் இருக்கிறது.

மீதி நாட்களுக்கு மணியைப் பார்த்துக்கொண்டது, வீட்டுக்குப் பால் ஊற்றும் அக்கா. மூன்று கறவை மாடு வைத்திருக்கிறார், நாய் வளர்த்ததே இல்லை. மருத்துவர் ஒரு முறை செய்து காட்டினார், இரண்டாம் முறை அக்கா கை வைத்தவுடன் தாரை வந்துவிட்டது. “சொறப்பு விடற வரைக்கும் மாட்டுக்கிட்ட அவசரப்பட முடியுமா தம்பி? பதமா புடிச்சிக்கிட்டு நிக்கணும். இதுவும் அப்படித்தான்” என்றார். விடுதிப் பையனுக்கு இல்லாதது இந்தக் கைப்பதம் ஒன்றுதான். கிருஷ்ணகிரி, தர்மபுரி கிராமங்களில் இந்தக் கை வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதைத் தேடாமல் ஏசி அறையைத் தேடியது நம் தவறு.

செய்முறை இதுதான். நாயின் வயிற்றடியில் ஒரு துண்டைக் கொடுத்து நிற்கும் வாக்கில் தாங்கிக்கொள்ள வேண்டும். பின்தொடைக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் உள்ளங்கையைத் தட்டையாக வைத்தால், நடுவில் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி உருண்டையாகத் தட்டுப்படும். விரல் நுனியால் குத்தக் கூடாது. இரு பக்கமிருந்தும் மெதுவாக நெருக்கி, வால் பக்கமாகச் சற்றே தள்ளியபடி ஐந்து பத்து நொடி அப்படியே பிடித்திருந்தால் தாரை தொடங்கும். நின்றதும் கையை எடுத்துவிடாமல் அரை நிமிடம் விட்டு மறுபடி ஒரு முறை. கடைசியில் கைக்குப் பலூன் தட்டுப்படக் கூடாது, அதுதான் அளவு. பை கல்லாக இறுகி, எவ்வளவு நெருக்கியும் வரவில்லை என்றால் அதற்கு மேல் பலம் கொடுக்கவே கூடாது, கிழிந்துவிடும். மருத்துவரிடம் குழாய்க்குப் போக வேண்டியதுதான்.

நேரம் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, இரவு பதினொன்று. வருவதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்து, நோட்டில் அளவும் நிறமும் வாடையும் எழுத வேண்டும். ஒரு வேளைக்கு 100 முதல் 180 மில்லி வந்தால் சரி. பகலில் 40 மில்லிதான் வந்தது என்றால் அது பெரும்பாலும் குறைவாக ஊறியதால் அல்ல, மீதி உள்ளே நிற்கிறது. விடுதிக்காரர்கள் அனுப்பிய வீடியோக்களை விட இந்த ஒரு வரி மேல்.

தோலுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஈரம் போக ஒற்றி எடுத்தல், பிறகு வாசலின். குழந்தைக்கு வாங்கும் டயப்பர் கிரீம் வேண்டாம், அதில் இருக்கும் ஜிங்க் ஆக்சைடை நாய் நக்கினால் விஷம். படுக்கைக்கு நாலு அங்குல ஃபோம், மேலே ரெக்சின், அதற்கு மேல் பழைய பருத்தி வேட்டி. சாக்கு போட்டால் இடுப்பெலும்பும் முழங்கையும் உராய்ந்து புண் வரும். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். நடக்க முடியாத நாயின் இடுப்பில் பூட்டும் சக்கர வண்டியில் ஒரு தடவைக்கு இருபது நிமிடம் போதும், அதில் உட்காரவும் படுக்கவும் முடியாது என்பதை மறந்து மணிக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

சாப்பாட்டில் களியும் தயிரும் இருக்கட்டும். குழம்புச் சோறு வேண்டாம், வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும். வெளிநாட்டிலிருந்து வலி மருந்து கொண்டு வருபவர்கள் கவனிக்க: மனிதர்களுக்கான கபபென்டின் திரவ மருந்துகள் சிலவற்றில் இனிப்புக்கு சைலிட்டால் சேர்த்திருப்பார்கள், நாய்க்கு அது ஆபத்து. இங்கேயே மருத்துவர் சீட்டோடு கேப்சூல் வாங்கலாம்.

யாரிடம் விட்டாலும், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வரச் சொல்லி, நாம் செய்து காட்டுவதோடு நிறுத்தாமல் அவர் கையால் மூன்று வேளை செய்ய வைக்க வேண்டும். அவர் முடித்ததும் நாம் ஒரு முறை அமுக்கிப் பார்த்தால் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று தெரிந்துவிடும். மருத்துவர் யார், ராத்திரி எங்கே தூக்கிப் போவது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உண்டு, ஆனால் அது முக்கியமாக ஆடு மாடுகளுக்காக ஓடுவது. பெங்களூர் 90 கிலோமீட்டர்தான் என்று சொல்லிக்கொள்கிறோம், எலக்ட்ரானிக் சிட்டி நெரிசலில் அது எத்தனை மணி நேரம் என்று எல்லோருக்கும் தெரியும்.

மணிக்கு இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் ஓடியது. முதல் சில நாள் பை தளர்ந்தே இருந்ததால் ஆறு வேளை அமுக்க வேண்டியிருந்தது. இப்போது பழையபடி நான்கு.

அக்காவுக்கு நாளுக்கு 500 ரூபாய் பேசியது. பணத்தை விட முக்கியமாகக் கொடுக்க வேண்டியது கையுறை. நாய் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் அவருக்கு வந்துவிடலாம். நாய்க்கு ஆண்டுதோறும் போடும் கலப்புத் தடுப்பூசியில் லெப்டோ, அதாவது எலிக்காய்ச்சல் தடுப்பு, சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பார்க்க வேண்டியதும் அவருக்காகத்தான். இங்கிலாந்தில் லெஸ்டரிலிருந்து கொண்டுவந்த தடித்த கையுறையை அக்கா ஒரே வேளையில் கழற்றி வைத்துவிட்டார், பை கைக்குத் தெரியவில்லை என்றார். மருந்துக் கடையில் அறுவை சிகிச்சைக்கு விற்கும் மெல்லிய கையுறை, ஆறரை சைஸ் வாங்கிக் கொடுத்த பிறகுதான் போட்டுக்கொண்டார். நோட்டில் அன்றைய பகல் வரி: “12 மணி. 150. வெள்ளையா இருக்கு. நாத்தம் இல்ல.”