மீனுக்கு மருந்து வாங்கறதுக்கு முன்னாடி இந்த டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிடுங்க

தொட்டி தண்ணிய சோதிக்கற ஏபிஐ கம்பெனியோட ஃப்ரெஷ்வாட்டர் மாஸ்டர் டெஸ்ட் கிட் பத்தி தான் சொல்றேன், வேலூர் பக்கம் மீன் தொட்டி வச்சிருக்கவங்க கண்டிப்பா படிங்க.

மீன் டல்லாகி மேலயே வந்து மூச்சு வாங்குதுன்னு கடையில போய் சொன்னா உடனே நீல மருந்த கையில குடுத்துடறாங்க, அது மெத்திலீன் ப்ளூ, பூஞ்சைக்கு நல்லா கேக்கும் ஆனா தண்ணில அம்மோனியா (மீன் கழிவு, மிச்ச தீனில இருந்து வர்ற விஷம்) ஏறியிருந்தா அத எறக்காது, மெயின் தொட்டியில ஊத்தினா ஃபில்டர்ல அம்மோனியாவ கொறைக்கற நல்ல பாக்டீரியாவும் செத்துடும், அப்புறம் அம்மோனியா இன்னும் தான் ஏறும். பாவம் வாயில்லா ஜீவன், அதுக்கு என்னன்னு பாக்காம மருந்து ஊத்தக்கூடாது.

கிட்ல பிஹெச் (தண்ணியோட அமில, காரத்தன்மை அளவு), அம்மோனியா, அதுல இருந்து அந்த பாக்டீரியா உண்டாக்கற நைட்ரைட், நைட்ரேட் நாலும் பாக்கலாம். அம்மோனியாவுக்கு 5 மில்லி தொட்டி தண்ணில ரெண்டு பாட்டில்ல இருந்தும் 8 சொட்டு விட்டு குலுக்கி 5 நிமிஷம் வச்சா போதும், மஞ்சளா இருந்தா நிம்மதி, பச்சையாச்சுன்னா உடனே கொஞ்சம் தண்ணி மாத்துங்க, தீனிய நிறுத்துங்க, ஏர் பம்ப் ஓடிட்டே இருக்கட்டும். கார்ப்பரேஷன் தண்ணின்னா ஆன்ட்டி க்ளோரின் போடாம ஊத்தாதீங்க.

இன்னொன்னு முக்கியம். சத்துவாச்சாரில எங்க போர் தண்ணி பிஹெச் 8 கிட்ட காட்டுது. கிட் மொத்த அம்மோனியாவ தான் காட்டும், அதுல மீன கொல்ற பங்கு 25 டிகிரி சூட்டுல பிஹெச் 7ல 1 சதவீதம் கூட இருக்காது, பிஹெச் 8ல 5 சதவீதத்த தாண்டிடும், அதனால அதே பச்சை கலர் நம்ம தண்ணில பத்து மடங்கு மோசம். கத்திரி வெயில்ல தண்ணி சூடாச்சுன்னா இன்னும் கூடும், ஆக்சிஜனும் கொறையும். ரெண்டு ரீடிங்கையும் சேத்து பாருங்க.

நைட்ரேட் ரெண்டாவது பாட்டில மட்டும் 30 செகண்ட் நல்லா வேகமா குலுக்கணும், இல்லன்னா கம்மியா காட்டும். கலர பகல் வெளிச்சத்துல பாருங்க. தண்ணியோட கடினத்தன்மை பாக்கற டெஸ்ட் இதுல கெடையாது, தனியா வாங்கணும், உப்பு தண்ணி ஊருக்கு அது இல்லாதது பெரிய கொற. வெள்ளை புள்ளி மாதிரி ஒட்டுண்ணி நோயயும் இது சொல்லாது, அதுக்கு மருந்து வேணும் தான், ஆனா தண்ணி சரியா இருந்தா தான் மீன் மருந்த தாங்கும்.

வெல கொஞ்சம் அதிகம். நூத்துக்கணக்கான தடவ டெஸ்ட் பண்ணலாம்ங்கறதால மீன் வளக்கற ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு மூணு பேர் சேந்து காசு போட்டு வாங்கிக்கலாம்.