கேத் லேபில் நேரலை வீடியோ வழிகாட்டல்: ஒரு டெக்னீஷியனின் மதிப்புரை

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் கேத் லேப் (இதய ரத்தக்குழாய்களை எக்ஸ்ரே திரையில் பார்த்துச் சிகிச்சை செய்யும் அறை) டெக்னீஷியனாக இருக்கிறேன். சிக்கலான ஆஞ்சியோபிளாஸ்டி (அடைபட்ட இதயக் குழாயைத் திறப்பது) நடக்கும்போது வெளியூர் நிபுணர் ஒருவர் நேரலை வீடியோவில் கூடவே இருந்து வழி சொல்லும் சேவையை எங்கள் லேபில் எடுத்திருக்கிறார்கள். 1970களிலேயே பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்த வடசென்னை இது. ஆனாலும் கஷ்டமான கேஸ் என்றால் 'கிரீம்ஸ் ரோடுக்குப் போங்க' என்று நகரின் அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் வழக்கமாக இருந்தது. அது குறைந்திருக்கிறது என்பதற்காகவே இந்தச் சேவையை எனக்குப் பிடிக்கும்.

சமீபத்தில் காசிமேட்டுக்காரர் ஒருவருக்கு இதயத்தின் வலது ரத்தக்குழாயில் முழு அடைப்பு. மூன்று மாதத்துக்கு மேல் முழுசாக மூடிக் கிடப்பதை சிடிஓ என்போம். 0.014 அங்குல ஒயரை அதற்குள் ஓட்ட வேண்டும். இடது பக்க ரத்தக்குழாயிலும் சேர்த்து டை (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) செலுத்தினால்தான், முடி கனத்துக் கிளைக்குழாய்கள் வழியாக அது சுற்றி வந்து, அடைப்புக்கு அந்தப் பக்கம் குழாய் எங்கே தொடங்குகிறது என்று காட்டும். நிபுணர் தன் திரையில் போட்ட அம்பு எங்கள் மானிட்டரில் வந்தது. "ஒயர் சுவருக்குள்ள போற மாதிரி இருக்கு, வேற ஆங்கிள்ல பாருங்க டாக்டர்" என்றார். எக்ஸ்ரே எடுக்கும் சி-ஆர்மைத் திருப்பினோம். அவர் சொன்னதுதான் சரி. ஒயரைப் பின்னால் இழுத்து, வேறு ஒயர் மாற்றி, அப்புறம் ஸ்டென்ட் வைத்து முடித்தோம்.

பெரிய குறை படத்தில். நெட் மந்தமானால் முதலில் மறைவது அந்த முடி போன்ற குழாய்கள்தான். ஒரு கேஸில் நிபுணர் பார்த்தது சில நொடி பழைய படம். இங்கே ஒயர் அதற்குள் நகர்ந்துவிட்டது. படம் பின்தங்குகிறது என்று திரையில் எச்சரிக்கையே இல்லை. எழுதிக் கொடுத்தும் நிறுவனம் இன்னும் சரிசெய்யவில்லை.

ஹெட்செட் கட்டாயம் வேண்டும். நோயாளி விழித்திருப்பார், ஸ்பீக்கரில் வரும் ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் விழும்.

2018-ல் டாக்டர் தேஜஸ் படேல் காந்திநகர் அக்ஷர்தாம் கோயிலில் இருந்தபடி, சுமார் 32 கி.மீ. தள்ளி அகமதாபாத்தில் இருந்த நோயாளிக்கு ரோபோ மூலம் சிகிச்சை செய்தார். இது அப்படி இல்லை, கை எங்கள் டாக்டருடையது. குழாய் ஓட்டையாகி இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்ந்தால், ஊசி போட்டு உறிஞ்ச வேண்டியவரும் அவர்தான். இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ மெஷினும் ரத்தத்தை உறிஞ்சும் ஊசி செட்டும் பக்கத்திலேயே இல்லாத லேப் இந்தச் சேவையை வாங்கவே கூடாது.

நோயாளியின் வீட்டார் கையெழுத்துப் போடும் முன், வீடியோவில் வரும் டாக்டர் யார், பதிவு செய்கிறார்களா, லைன் கட்டானால் இங்குள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.